ஏற்காடு ஏறும்போது மட்டும் கத்தும் சைக்கிள்

சமதளத்தில் இந்த சைக்கிளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சேலத்திலிருந்து ஆத்தூர் வரை போய்த் திரும்பினாலும் டயர் ஓடும் ஓசையும் செயின் ஓடும் ஓசையும்தான் கேட்கும். ஏற்காடு அடிவாரம் தாண்டி ஏற்றம் பிடித்ததும்தான் ஆரம்பிக்கும். வலது கால் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கிரீச். எண்ணெய் காணாத ஊஞ்சல் சங்கிலி மாதிரி, சுற்றுக்கு ஒன்று, தவறாமல், 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிகிற வரைக்கும்.

கார்பன் ஃபிரேம், ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட், முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு செயின்ரிங், சக்கர வளையத்தைப் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக். ரோட் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தக் கோளாறு ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பெடல் போடும் கிராங்க் சுழல்கிற இடம் பாட்டம் பிராக்கெட். பழைய சைக்கிள்களில் அதன் பேரிங் உட்காரும் இரண்டு கப்களையும் மரை வைத்து முறுக்கி ஏற்றுவார்கள். என் சைக்கிளில் மரை கிடையாது. பிளாஸ்டிக் கப்பை ஃபிரேமின் ஓட்டைக்குள் அழுத்திச் செருகியிருக்கிறார்கள். பிரஸ்ஃபிட் என்று பெயர். ஃபிரேமை அகலமாக, விறைப்பாகச் செய்யலாம், எடை குறையும் என்பது அதன் பெருமை. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த ஓட்டையின் அளவு மயிரிழை பிசகினாலும் கப் உள்ளே அசையும். அசைந்தால் உரசும், உரசினால் கத்தும். கார்பன் ஃபிரேம் உள்ளே வெற்றுக் கூடு என்பதால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் சீட்டுக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும், மறுநாள் ஹேண்டில்பாரிலிருந்து.

ஏன் ஏற்றத்தில் மட்டும்? ரோட்டில் நிதானமாகப் போகும்போது 120 வாட் கொடுத்து நிமிடத்துக்கு 85 சுற்று மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் 200 வாட் கொடுக்கிறோம், சுற்று 55க்கு இறங்கிவிடுகிறது. வாட்டைச் சுற்றால் வகுத்துப் பார்த்தால், கிராங்க் மேல் விழும் முறுக்கு சமதளத்தில் விழுவதைப் போல இரண்டரை மடங்கு. இதைத்தான் என்னால் எந்தக் கடையிலும் புரியவைக்க முடியவில்லை. சைக்கிளை வாங்கிக் கடை வாசலில் ஒரு ரவுண்டு அடிப்பார்கள். "சத்தமே இல்லையே சார்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். கடை வாசல் சமதளம், சத்தம் எப்படி வரும்? ஏற்காடு ரோட்டுக்கு வாங்க என்றால் சிரிப்பார்கள்.

அதனால் துப்பறிகிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் சோதனை, எழுந்து நின்று மிதிப்பது. சத்தம் நின்றுவிட்டால் சீட் அல்லது சீட்போஸ்ட். எனக்கு நிற்கவில்லை. பெடலைக் கழற்றி மரையில் கிரீஸ் வைத்து மாட்டினேன். பின் சக்கரத்தை ஃபிரேமோடு பிடித்து வைக்கும் குயிக் ரிலீஸைத் துடைத்து இறுக்கினேன். செயின்ரிங் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அடுத்த ஞாயிறு ஏற்காடு போனால் மூன்றாவது வளைவில் வந்துவிடும். கடைசியாக பாட்டம் பிராக்கெட்டையே ஒரு கடையில் மாற்றினார்கள், அதே பிளாஸ்டிக் வகையில் புதியது. மழைக்காலம் முடிகிற வரைக்கும் அமைதியாக இருந்தது. அப்புறம் பழைய கதைதான்.

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை. இந்த சைக்கிள் கொடுத்த ஒரு சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது பின்னால் 11-28 கேசட் இருந்தது, அதாவது 11 பல்லில் தொடங்கி 28 பல் வரை போகும் பல்சக்கர அடுக்கு. முன்னால் சிறிய ரிங்கிலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயினைப் போட்டால், பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்கு வண்டி இரண்டரை மீட்டர் நகரும். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அது நிமிடத்துக்கு 52 சுற்று. முழங்கால் தாங்காது. 34 பல் உள்ள கேசட் போடலாம் என்றால், இதில் வந்த குட்டைக் கூண்டு டீரெய்லர் (பின்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) அதிகாரபூர்வமாக 30 பல் வரைக்கும்தான். அதே 105இல் நடுத்தரக் கூண்டு உள்ளதை வாங்கி, 11-34 கேசட்டும் புதுச் செயினும் மாட்டினேன். முன்னால் 34, பின்னால் 34. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. அதே வேகத்துக்கு இப்போது 63 சுற்று.

இந்த ஒரு மாற்றத்துக்காக இந்த சைக்கிளை நான் கும்பிடுவேன். கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். நாம் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால் இடப்பக்க வளைவு வந்தால் உள் ஓரத்தில் மாட்டிக்கொள்வோம், அங்கேதான் செங்குத்து அதிகம். வலப்பக்க வளைவில் வெளி ஓரம் கிடைக்கும், கொஞ்சம் மூச்சு விடலாம். பழைய கேசட்டில் ஒவ்வொரு இடப்பக்க வளைவிலும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. இப்போது உட்கார்ந்தபடியே சுற்றிக்கொண்டு போய்விடலாம். சோளக்காட்டில் போய் இறங்கும்போது வாழைப்பழம் வாங்கித் தின்கிற அளவுக்காவது தெம்பு மிச்சமிருக்கும். மிதிக்கும் அழுத்தம் குறைந்ததால் அந்தக் கிரீச்சும் தள்ளிப்போனது. முதல் வளைவுகளில் வராது. கால் களைத்து, மிதி முரட்டுத்தனமாக ஆகும்போதுதான் வரும். என் களைப்பை எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்கிற கருவி அது ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய இதயத் துடிப்புப் பட்டைகூட அத்தனை கச்சிதமாகச் சொல்லாது.

இறக்கத்தில் இது தங்கம். கொல்லிமலை இறங்கும்போது வளைவுக்குள் சாய்த்தால் சொன்ன இடத்தில் நிற்கும். ரிம் பிரேக் என்பதால் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், விரல் வலிக்கும், அவ்வளவுதான்.

பகலில் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி சவாரியில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 300 கிலோமீட்டர் பிஆர்எம், அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சவாரி, 20 மணி நேரக் கெடு. இருட்டின பிறகு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏற்றம். லாரிகள் போகிற இடைவெளியில் காடே அமைதியாக இருக்கும், அதில் என் கிரீச் மட்டும் கேட்கும். பக்கத்தில் கொஞ்ச தூரமாகப் பேசிக்கொண்டு வந்தவர், "நீங்க முன்னாடி போங்க பிரதர்" என்று நாசூக்காகப் பின்தங்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நானே என்னிடமிருந்து பின்தங்க முடிந்தால் தங்கியிருப்பேன். தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் அந்தச் சத்தம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபிரேம் எடையில் சில கிராம் மிச்சம் பிடித்து யார் என்ன சாதித்தார்கள் என்று தர்மபுரி வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன்.

போன மாதம் வேறொரு மெக்கானிக் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டார். பிளாஸ்டிக் கப்பைத் தட்டி எடுத்துவிட்டு, அலுமினியத்தில் வரும் இன்னொரு வகையைப் போட்டார். இரண்டு பக்கத்துக் கப்களும் ஃபிரேமுக்குள் ஒன்றோடொன்று மரையில் முறுக்கிக்கொள்ளும். ஃபிரேமை நம்பாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். விலை ஒரு ஜோடி நல்ல டயருக்குச் சமம். அதற்குப் பிறகு ஏற்காட்டில் ஏரிக்கரை வரைக்கும் சத்தமில்லை. மிளகாய் பஜ்ஜி தின்னும்போது முதல் முறையாக சைக்கிளைப் பற்றி யோசிக்காமல் தின்றேன்.

சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்குக் கோபம் கூடிவிட்டது. மரையில் முறுக்கினால் தீர்கிற பிரச்சினைக்கு, முதலில் மரையை எடுத்தது யார்? பல கம்பெனிகள் புது மாடல்களில் மறுபடி மரைக்கே திரும்பிவிட்டன. நடுவில் வாங்கிய எங்களைப் போன்றவர்கள் சோதனைச் சாலை எலிகள்.

இதே மாடல் செகண்ட் ஹேண்டில் சென்னையில் வருகிறது, எடுக்கலாமா அண்ணா என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். கியர், இறக்கம், வசதி எல்லாவற்றையும் அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டு வாங்காதே என்றேன். "அப்ப உங்களுதையாவது குடுங்க" என்றான். கொடுக்கமாட்டேன் என்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த மலைகளை எல்லாம் இதில்தான் ஏறினேன், எனக்கு இது போதும். புதிதாக ஒருவன் ஏன் இந்தத் தலைவலியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

அவன் கேட்கமாட்டான், வாங்கத்தான் போகிறான். ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். விற்பவர் "சத்தமெல்லாம் வராதுங்க" என்பார். பொய் சொல்லமாட்டார், ஈசிஆரில் மாமல்லபுரம் போய் வருகிறவருக்கு அந்தச் சத்தம் எப்படித் தெரியும்? அதனால் ஏதாவது ஒரு மேம்பாலத்துக்குக் கொண்டு போ, கனமான கியரில் போட்டு எழுந்து நின்று மிதி. பாலம் கிடைக்காவிட்டால் சுவரில் சாய்த்து, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிராங்க் படுக்கையாக இருக்கும்போது பெடலை உடம்பு எடை முழுக்கக் கொடுத்து அழுத்து. சத்தம் வந்தால் ஒரு ஜோடி டயர் விலையைக் குறைத்துக் கேள். குறைக்காவிட்டால் விட்டுவிட்டு வா.