சிங்கப்பூர் – நியூயார்க்: நேர் விமானமா, பிராங்க்பர்ட் வழியா?

அக்கா நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறாள். நானும் அம்மாவும் சிங்கப்பூரில். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவரை அழைத்துக்கொண்டு போய் வருகிறேன். ஒவ்வொரு முறையும் டிக்கெட் போடும்போது அக்காவுக்கும் எனக்கும் ஒரே வாக்குவாதம். "நேரா கூட்டிட்டு வந்துடு தம்பி, நடுவுல அம்மாவை ஏன் அலைக்கழிக்கிற?" என்பாள் அவள். இரண்டு வழியிலும் அம்மாவோடு போய்விட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இரண்டுமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான். நேர் விமானம் 15,300 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் நிற்காமல் போகிறது. காற்றைப் பொறுத்து 18, 19 மணி நேரம் ஆகும். பிராங்க்பர்ட் வழி என்றால் சுமார் 13 மணி நேரம் பறந்து, அங்கே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்துவிட்டு, மறுபடி எட்டரை மணி நேரம் பறக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தால் நேர் விமானத்தில் ஐந்து மணி நேரம் போல மிச்சம். ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

முதலில் சீட். நேர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. அது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் என்ற, மிக நீண்ட தூரம் பறப்பதற்கான தனி ரகம். சாதாரண ஏ350-900 சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இது 1,65,000 லிட்டர். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. அவ்வளவு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டுமென்றால் ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும். இதே நிறுவனத்தின் தொலைதூர ஏ350-இல் 253 பேர் உட்காரலாம். இதில் 161 பேர்தான்: பிசினஸில் 67, எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலான பிரீமியம் எகானமியில் 94. இந்த வழியில் 2004-இலேயே நான்கு என்ஜின் ஏ340-500 விமானத்தை விட்டுப் பார்த்தார்கள். அது குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்திவிட்டு, 2018 அக்டோபரில்தான் புது விமானத்தோடு மறுபடி தொடங்கினார்கள்.

ஆக, நேர் விமானம் என்று முடிவு செய்த நொடியே குறைந்தது பிரீமியம் எகானமிக்குப் பணம் கட்டுகிறோம். பிராங்க்பர்ட் வழியில் சாதாரண எகானமியிலேயே போகலாம். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பாதி, நிற்காமல் போவதற்கு. மீதி, கால் நீட்டுவதற்கு என்றுதான் நான் கணக்கு வைக்கிறேன். எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 32 அங்குலம், பிரீமியத்தில் 38. இந்த ஆறு அங்குலம் முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய விஷயம். இன்னொன்று: அந்த 94 சீட்டும் 2-4-2 என்ற வரிசையில் இருக்கும். கடைசி மூன்று வரிசையில் மட்டும் விமானத்தின் உடல் குறுகுவதால் 1-4-1 ஆகிவிடும். ஜன்னல் பக்கம் ஒற்றை சீட், பக்கத்தில் ஆள் இல்லை, பையை வைத்துக்கொள்ள ஓரத்தில் இடமும் உண்டு. தனியாகப் போகிறவர்கள் இந்த ஆறு சீட்டில் ஒன்றைப் பிடித்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

காற்றும் ஒரு காரணம். ஏ350-இன் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். அதாவது குன்னூரில் உட்கார்ந்திருப்பது போல. பழைய ரக விமானங்களில் 8,000 அடி வரை போகும். அது ஊட்டியையும் தாண்டி ஏறுவது. இறங்கும்போது தலை கனக்கிறதா இல்லையா என்பதில் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, பதினான்காவது மணி நேரத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் போன, நியூஜெர்சியின் நியூவார்க்குக்கான நேர் விமானம் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பியது. சாப்பிட்டோம், தூங்கினோம். அம்மா ஏழு மணி நேரம் அசந்து தூங்கினார். அதுவே பெரிய வரம் என்று நினைத்தேன். எழுந்து திரையில் வரைபடத்தைப் பார்த்தால் இன்னும் பாதி வழி மிச்சம். அதற்கப்புறம் தூக்கம் வரவே இல்லை. உள்ளே விளக்கெல்லாம் அணைத்து இருட்டு. ஜன்னல் மூடியை விரலளவு தூக்கினால் கண் கூசும் வெயில். எதிர் வரிசைக்காரர் தூக்கத்தில் முகம் சுளித்தார், இறக்கிவிட்டேன். பதினான்காவது மணியில் அம்மா செருப்புக்குள் காலை விடப் பார்த்தார், போகவில்லை. கணுக்கால் வீங்கி, சாக்ஸின் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கையைப் பிடித்துப் பின்பக்கச் சமையல் கட்டு வரை நடத்திக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே நான்கு பேர் நின்று குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். "இறங்கி ஒரு நடை நடந்தா தேவலைடா" என்றார் அம்மா. இறங்க இன்னும் நாலரை மணி நேரம்.

பிராங்க்பர்ட்டில் அந்த நடைதான் கிடைக்கிறது. விடியற்காலையில் எல்லோரும் கைப்பையோடு இறங்க வேண்டும். பெட்டி நியூயார்க்குக்கே போய்விடும், ஆனால் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. கோட்டைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு, மருந்துப் பையைத் திறந்து காட்டு என்று எல்லாமே இரண்டாவது தடவை. அம்மாவுக்கு முன்கூட்டியே சக்கர நாற்காலி கேட்டிருந்தோம், அதனால் வரிசை பெரிதாகத் தெரியவில்லை. சோதனை முடிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, தாராளமாக இடமிருந்த கழிவறையில் முகம் கழுவி, பல் தேய்த்து, புடவையைச் சரி செய்துகொண்டு வந்தார். ஒரு காபி. ஜன்னலோரம் மெதுவாக ஒரு நடை. திரும்ப அதே விமானத்தில் ஏறியபோது செருப்பு காலில் சரியாக இருந்தது.

ஆனால் இறங்கி நடந்தால் ரத்தக்கட்டி ஆபத்து தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000-க்கு ஒருவர். பயப்படும் அளவு இல்லை. ஆனால் நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும், குறுகிய நாட்களுக்குள் பல விமானம் ஏறினாலும் கூடும் என்று அதே ஆய்வு சொல்கிறது. அதனால் எந்த வழியில் போனாலும் அம்மாவுக்கு மருத்துவர் சொன்ன அழுத்தக் காலுறை, மணிக்கு ஒருமுறை கணுக்காலைச் சுழற்றுவது, இரண்டும் கட்டாயம்.

இப்போது முக்கியமான விஷயம். நடுவில் நிற்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதே தப்பு. அது தூக்கத்துக்குப் பிறகு வருகிறதா, தூக்கத்தின் நடுவில் வருகிறதா என்று கேட்க வேண்டும். போகும்போது நள்ளிரவில் ஏறி, 13 மணி நேரத்தில் ஒரு முழு இரவைத் தூங்கி முடித்து, காலையில் பிராங்க்பர்ட்டில் இறங்குகிறோம். உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது. அடுத்த எட்டரை மணி நேரம் முழுக்கப் பகல். உட்கார்ந்து படம் பார்த்தபடி முற்பகலில் நியூயார்க் போய்விடலாம். திரும்பும்போது கதை தலைகீழ். நியூயார்க்கில் இரவு ஏறினால் பிராங்க்பர்ட்டுக்கு ஏழெட்டு மணி நேரம்தான். அதில் இரவு உணவும் காலை உணவும் போக, கண்ணை மூடக் கிடைப்பது நாலு மணி நேரம். அசந்து தூங்கும் நேரத்தில் எழுப்பி இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் 12 மணி நேரப் பயணம், பாதித் தூக்கக் கண்களோடு. அந்த ஒரு தடவையில் அம்மாவுக்குச் சிங்கப்பூர் வந்து ஒரு வாரம் தலைசுற்றல் இருந்தது. திரும்புகையில் நேர் விமானம் அவ்வளவு படுத்தவில்லை: இரவில் ஏறி, தன் இஷ்டத்துக்குத் தூங்கி, விடிகாலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, நேரே வீட்டுக் கட்டில்.

இறங்கும் விமான நிலையத்தையும் மறக்க வேண்டாம். நேர் விமானம் நியூவார்க்குக்கும் நியூயார்க் நகரத்தின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் போகிறது; பிராங்க்பர்ட் விமானம் ஜேஎஃப்கேவுக்கு மட்டும். எடிசனிலிருந்து நியூவார்க் பக்கம். ஜேஎஃப்கே என்றால் பாலங்களையும் நெரிசலையும் கடந்துதான் அக்கா வர வேண்டும். வளைகுடா வழியாக மலிவாகவும் போகலாம், ஆனால் ஒரு விமானம் தாமதமானால் அடுத்தது போய்விடும். அம்மாவோடு அந்தச் சோதனை எனக்கு வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேராகப் பறக்கத் தயாராகும் ஏ350-1000-இல் 238 சீட்டோடு நிறுத்திக்கொண்டு, நின்று உடம்பை நீட்டி முறிக்கத் தனி இடம் ஒதுக்குகிறது. அதில் எகானமியும் உண்டு. அம்மா சமையல் கட்டு ஓரத்தில் நின்ற நிலையை நினைத்தால், அந்த இடம் எல்லாத் தொலைதூர விமானத்திலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்த முறை அக்காவும் ஒத்துக்கொண்டாள். போகும்போது பிராங்க்பர்ட் வழி, எகானமி, நடைபாதை ஓர சீட். வரும்போது நேர் விமானம், பிரீமியம் எகானமி. ஜேஎஃப்கேவுக்கு வந்து அழைத்துப் போக அவள் அன்று அரை நாள் விடுப்பு எடுக்கிறாள்.