பெங்களூரில் இருந்துகொண்டு எந்த அல்ட்ராவுக்குத் தகுதி தேடுவது?

சிக்கமகளூர் பக்கம் காபித் தோட்டங்களில் நடக்கும் மலநாடு அல்ட்ராவையோ, மாரத்தானைவிட நீளமான அதுபோன்ற ஒரு பந்தயத்தையோ ஒரு முறை முடித்துவிட்டால் அடுத்து வரும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஐரோப்பாவின் யூடிஎம்பிக்கு எப்படிப் போவது, அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸுக்கு எப்படிப் போவது? கப்பன் பார்க்கில் ஞாயிறு காலை நீண்ட ஓட்டம் முடித்துவிட்டு டிபனுக்குப் போகும் நம் தமிழ்க் கூட்டத்தில் இந்தப் பேச்சு வராத வாரமே குறைவு. அதில் பாதிப் பேர் "நம்ம வேகத்துக்கு அதெல்லாம் கிடைக்காதுப்பா" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய பந்தயங்களில் வேகத்தைக் கேட்பவை குறைவு. ஒன்று செலவைக் கேட்கிறது, ஒன்று விடாமல் பல வருடங்களைக் கேட்கிறது, ஒன்று மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறது. இந்த மூன்றில் உங்களால் எதைக் கொடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

முதலில் யூடிஎம்பி. பிரான்ஸின் ஷாமொனியில் கிளம்பி இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்கைச் சுற்றி மறுபடி ஷாமொனிக்கே வந்து சேர வேண்டும். 170 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், கால அவகாசம் 46 மணி 30 நிமிடம். இது 2003இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் அதே வாரத்தில் சுமார் 100 கிலோமீட்டருக்கு சிசிசி, ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கு ஓசிசி என்று இரண்டு தம்பிப் பந்தயங்களும் நடக்கும். இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். அதில் சேர இரண்டு விஷயம் வேண்டும், இந்த இரண்டையும் நம் ஆட்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று யூடிஎம்பி இண்டெக்ஸ். கணக்கில் பதிவான ஏதாவது ஒரு டிரெயில் (மலை, காட்டுப் பாதை) பந்தயத்தைக் கடந்த 24 மாதங்களுக்குள் முடித்திருந்தால் அந்தத் தூரப் பிரிவில் உங்களுக்கு ஒரு எண் வரும். பெரிய யூடிஎம்பிக்கு 100 கிலோமீட்டர் அல்லது 100 மைல் பிரிவில் இண்டெக்ஸ் வேண்டும், சிசிசிக்கு 50 கிலோமீட்டர் பிரிவே போதும், ஓசிசிக்கு 20 கிலோமீட்டர் பிரிவும் போதும். எண் பெரிதா சிறிதா என்பது குலுக்கலுக்கு வருகிறவர்களுக்கு முக்கியமில்லை, செல்லுபடியாகும் எண் ஒன்று இருந்தால் சரி. இதற்கு வெளிநாடு போகவே வேண்டாம், இண்டெக்ஸ் கணக்கில் சேரும் பந்தயங்கள் இங்கேயே உண்டு. நீங்கள் போகும் பந்தயம் அந்த வருடம் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது ரன்னிங் ஸ்டோன் என்ற புள்ளி, செலவு வருவது இங்கேதான். ஸ்டோன் கிடைப்பது பல நாடுகளில் நடக்கும் யூடிஎம்பி வேர்ல்ட் சீரிஸ் தொடரின் பந்தயங்களில் மட்டும்: 20 கிலோமீட்டர் பிரிவுக்கு ஒன்று, 50க்கு இரண்டு, 100க்கு மூன்று, 100 மைலுக்கு நான்கு. மேஜர் என்று அறிவிக்கப்பட்ட பந்தயமானால் இதெல்லாம் இரட்டிப்பு. ஒவ்வொரு ஸ்டோனும் குலுக்கலில் ஒரு சீட்டு. நமக்குக் கிட்டே இருப்பவை தாய்லாந்தில் சியாங் மாய் பக்கம் டிசம்பரில் நடப்பதும், மலேசியாவில் தைப்பிங்கில் நடப்பதும். ஹாங்காங்கும் தென்கொரியாவின் ஜெஜுவும் அடுத்த சுற்று. ஆக, டிக்கெட், தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் போட்டு வாங்குவது ஷாமொனியில் ஓடும் உரிமையை அல்ல, அதற்கான குலுக்கலில் சில சீட்டுகளை. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு ஓடுகிறவருக்கும், வருடத்துக்கு மூன்று பந்தயம் பறக்கக்கூடியவருக்கும் ஒரே வாய்ப்பு இல்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மலை எல்லோருக்கும் ஒன்று, ஆனால் மலையடிவாரத்துக்கு வரும் வழி அப்படி இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும், அது சிறிய விஷயம் அல்ல. ஸ்டோன் காலாவதி ஆவதில்லை. குலுக்கலில் பெயர் வராவிட்டால் அப்படியே உங்கள் கணக்கில் இருக்கும், பெயர் வந்தால்தான் கழியும். கடந்த இரண்டு வருடங்களுக்குள் குறைந்தது ஒரு ஸ்டோன் வாங்கியிருக்க வேண்டும், இண்டெக்ஸும் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை பிறந்த வருடம், அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வருடம், வேலை மாறிய வருடம் எல்லாம் ஓடாமல் விட்டாலும் பழைய சேமிப்பு கரையாது. அடுத்ததைப் பற்றிப் படித்த பிறகு இதன் அருமை தெரியும்.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ். கலிஃபோர்னியாவில் ஒலிம்பிக் வேலியிலிருந்து ஆபர்ன் வரை 100 மைல், ஜூன் கடைசியில், 30 மணி நேர அவகாசம். குதிரைகள் ஒரே நாளில் 100 மைல் கடக்கும் டெவிஸ் கப் பந்தயத்தில் 1974இல் கார்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் தன் காலாலேயே ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார், அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தப் பந்தயம். இன்றும் 24 மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்கு வெள்ளி பெல்ட் பக்கிள் கொடுப்பதற்குக் காரணம் அந்த ஒரு நாள் கணக்கு. மரபைக் கட்டிக்காக்கும் பந்தயம், எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். ஆனால் வன அனுமதியின் காரணமாக 369 பேர்தான் ஓட முடியும். விண்ணப்பிப்பவர்கள் பல ஆயிரம்.

தகுதிக்கு அவர்கள் வெளியிடும் பட்டியலில் உள்ள, 100 கிலோமீட்டருக்குக் குறையாத பந்தயம் ஒன்றை, அதற்கென்று சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பட்டியல் வருடா வருடம் மாறும், யூடிஎம்பியும் சிசிசியும் அதில் உண்டு. அப்புறம் டிசம்பர் தொடக்கத்தில் குலுக்கல். முதல் வருடம் ஒரு சீட்டு, பெயர் வராமல் அடுத்த வருடமும் விண்ணப்பித்தால் இரண்டு, பிறகு 4, 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். கேட்க அழகாக இருக்கிறது. ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பவருக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு தேறுவதே கடினம், ஓரளவு நம்பிக்கை வைக்கும் நிலைக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அந்த ஆறேழு வருடமும் இடைவெளி விடாமல் தகுதிப் பந்தயம் ஓடி, இடைவெளி விடாமல் விண்ணப்பிக்க வேண்டும். கர்ப்பம் போன்ற காரணங்களுக்கு விதியில் இடம் உண்டு. மற்றபடி நடுவில் ஒரு வருடம் விட்டால் சேர்த்த சீட்டுகள் போய்விடும்.

அமெரிக்காவில் இருப்பவருக்கு இது பெரிய பாரம் இல்லை, பக்கத்து மாநிலத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஒரு 100 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். பெங்களூர்க்காரருக்குப் பட்டியலில் உள்ள பந்தயம் என்றாலே பெரும்பாலும் பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும், அதையும் ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டும். வேகமாக ஓடுகிறவர்களுக்கு கோல்டன் டிக்கெட் என்ற வழி இருக்கிறது, குறிப்பிட்ட பந்தயங்களில் முன்வரிசையில் வந்தால் நேரடி இடம். அது தொழில்முறை ஓட்டக்காரர்களின் களம். இன்னொரு விஷயம் விசா. டிசம்பரில் பெயர் வந்து ஜூனில் ஓட வேண்டும், அமெரிக்க விசா நேர்காணலுக்கு நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போகிறார்கள், தேதி கிடைப்பதே பெரும்பாடு. குலுக்கலில் சேரும் எண்ணம் இருந்தால் விசாவை அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடத்துக்குக் கொடுப்பார்கள்.

கொலராடோவின் ஹார்ட்ராக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுமார் 150 பேருக்குத்தான் இடம், 100 மைலில் 33,000 அடி ஏற்றம், உச்சி 14,000 அடிக்கு மேல், தகுதிப் பட்டியலில் கடினமான மலைப் பந்தயங்கள் மட்டும், போதாததற்குப் பாதை பராமரிப்பு போன்ற சேவையும் செய்திருக்க வேண்டும். அந்தச் சேவை விதி எனக்கு மிகவும் பிடிக்கும், நம்மூர்ப் பந்தயங்களும் இதைக் கொண்டுவரலாம். ஆனால் முதல் கனவாக வைத்துக்கொள்ள இது ஏற்றதல்ல.

இப்போது கடிகாரத்தைப் பார்க்கும் பந்தயம். ஸ்பார்டத்லான் டிரெயில் இல்லை, பெரும்பகுதி தார்ச்சாலை, நடுவில் இரவில் ஒரு மலைப்பாதை. ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா வரை 246 கிலோமீட்டர், 36 மணி நேரம், செப்டம்பர் கடைசியில், 1983 முதல் நடக்கிறது. டிரெயில்காரர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஒப்பீட்டில் இதைச் சேர்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தகுதியைப் பாருங்கள்: ஆண்கள் 100 கிலோமீட்டரைப் 10 மணி நேரத்துக்குள், பெண்கள் 10 மணி 30 நிமிடத்துக்குள். அல்லது 24 மணி நேர ஓட்டத்தில் ஆண்கள் 180 கிலோமீட்டர், பெண்கள் 170. ஸ்டோன் இல்லை, சீட்டுச் சேமிப்புக்காக வருடா வருடம் பறக்கத் தேவையில்லை. 24 மணி நேர ஓட்டத்துக்கு பெங்களூரை விட்டு வெளியே போகவே வேண்டாம். 2022 ஜூலையில் ஆசிய ஓசியானிய 24 மணி நேர சாம்பியன்ஷிப்பே இங்கே கண்டீரவா மைதானத்தில்தான் நடந்தது. 400 மீட்டர் டிராக்கில் 180 கிலோமீட்டர் என்றால் 450 சுற்று. சராசரி மணிக்கு ஏழரை கிலோமீட்டர், சாப்பாடு, கழிப்பறை, உட்கார்ந்து எழுந்தது எல்லாம் சேர்த்து.

எளிதா? இல்லவே இல்லை. தகுதி பெற்றாலும் விண்ணப்பம் அதிகமாக இருந்தால் குலுக்கல் உண்டு, தகுதி அளவைவிட மிக நன்றாக ஓடியவர்களுக்கு மட்டும் நேரடி இடம். பந்தயத்தில் இறங்கிய பிறகு 80ஆவது கிலோமீட்டரை 9 மணி 30 நிமிடத்துக்குள் தாண்டாவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். யூடிஎம்பியில் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தே முடித்துவிடலாம், இங்கே கிட்டத்தட்ட ஏழு வேண்டும். ஆனால் கேட்பதை நேராகக் கேட்கிறார்கள். ஓடு, நேரத்தைக் காட்டு, விண்ணப்பி. பணம் குறைவாக, கால் வேகமாக இருப்பவருக்கு இந்தப் பட்டியலில் இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்தால் தகுதி. நல்ல பந்தயம், ஆனால் அது முழுக்கச் சாலை, மலை ஆசை அதில் அடங்காது.

என் தீர்ப்பு இது. வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம், அதுவும் சில வருடம் முடியாமல் போகலாம் என்ற நிலையில் இருப்பவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானவர்கள், ஸ்டோன் வழியில் போங்கள், ஆனால் குறி சிசிசி மேல் இருக்கட்டும். பெரிய யூடிஎம்பியின் ஏற்றத்தை நம்மூர்க் கணக்கில் சொன்னால், நந்தி மலையை அடிவாரத்திலிருந்து சுமார் 500 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், இருபது முறை ஏற வேண்டும். சிசிசிக்கு அது பன்னிரண்டு முறை. துறஹள்ளிக் காட்டிலும் நந்திப் படிக்கட்டிலும் வார இறுதியில் மட்டும் பயிற்சி செய்கிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் முடிப்பதற்கும் பாதியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஆசை விடவில்லை என்றால் சிசிசியை முடித்த வருடத்திலேயே, அதைத் தகுதியாகக் காட்டி, அங்கேயும் முதல் சீட்டைப் போட்டுவிடுங்கள்.

தொடங்குகிறவர் இந்த வருடம் செய்ய வேண்டியது இது: இண்டெக்ஸ் கணக்கில் சேரும் உள்ளூர் 50 கிலோமீட்டர் ஒன்றை மழைக்காலம் முடிந்ததும் ஓடுங்கள், அது நன்றாகப் போனால் தாய்லாந்திலோ மலேசியாவிலோ 50 கிலோமீட்டர் பிரிவுக்குப் பதிவு செய்யுங்கள், அங்கே 100க்கு ஆசைப்பட வேண்டாம், பாதியில் நின்றால் ஸ்டோன் ஒன்றுகூடக் கிடைக்காது. முடித்தால் இரண்டு ஸ்டோன். யூடிஎம்பி முன்பதிவு டிசம்பர் வாக்கில் திறக்கும், குலுக்கல் ஜனவரியில். டிசம்பரில் தாய்லாந்தில் ஓடுகிறவர்கள் அந்த வருட முடிவு அதே குலுக்கலுக்குக் கணக்காகுமா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.