நெர்ஹாவில் கடற்கரை வீடு என்று விளம்பரம் கண்டால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

தெற்கு ஸ்பெயினின் மாலகா கரையோரத்தில் கோடை விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்கள், குறிப்பாக லண்டனிலிருந்து பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் போக எண்ணியிருப்பவர்கள், வங்கி வழியாகப் பணம் அனுப்பும் முன் இதை முழுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நெர்ஹா என்ற ஊரில் கடலுக்கு அருகே ஒரு வீட்டைக் காட்டி எங்களிடம் முன்கூட்டியே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட முகவர், 2025 ஆகஸ்டில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த வேறொரு வீட்டின் சாவியைக் கொடுத்தார். விளம்பரத்தில் இருந்த வீடு நெர்ஹாவிலேயே இல்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது. புகார் இன்னும் முடிவுறாததால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொள்வது இத்தகையவர்களுக்கு எளிது என்பதால், அவர் கையாண்ட வழியைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுத்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மேடும் படிகளும் ஆகாது. மாலகா விமான நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் டொர்ரெமொலினோஸ், பெனல்மாதெனா வழியாக ஃபுவென்ஹிரோலா வரை வாடகைக் கார் இல்லாமலே போய்விடலாம். அங்கெல்லாம் கடலோர நடைபாதை சமதளமாக நீண்டு கிடக்கிறது. இன்னும் வடகிழக்கே, அலிகான்டேயிலிருந்து டிராமில் போகக்கூடிய பெனிடோர்மின் இரண்டு பெரிய கடற்கரைகளும் அப்படித்தான். அங்கே கடல்நீரும் கோடையில் வெதுவெதுப்பாக இருக்கும். மாலகா கரைக்கோ ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீர் வந்து சேர்வதால், ஆகஸ்டிலும் சில நாள் தண்ணீரில் கால் வைத்தால் சில்லிடும். இவற்றையெல்லாம் அறிந்தும் நாங்கள் நெர்ஹாவை விரும்பியதற்குக் காரணம் உண்டு. அது வானளாவிய விடுதிகள் இல்லாத சிறிய ஊர். பாறை முனையில் கடலை நோக்கி நிற்கும் பால்கோன் தெ யூரோப்பா என்ற முற்றமும், 1959இல் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய குகைகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தோம்.

ஆனால் நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. மாலகா நகரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பேருந்திலோ காரிலோ போக வேண்டும். ஊரின் பெரும்பகுதி கடலுக்கு மேலே பாறைத் திட்டில் அமைந்திருக்கிறது. புர்ரியானா என்ற பெரிய கடற்கரைக்குச் செங்குத்தான சாலையில் இறங்கி, அதே வழியில் ஏறி வர வேண்டும். ஊருக்குப் பின்னால் உடனடியாக மலை எழுந்துவிடுகிறது. இத்தகைய ஊரில் வீடு எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை அறியாமல் வாடகை பேசவே கூடாது. எங்களுக்குக் காட்டிய விளம்பரம், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை என்றும், மின்தூக்கி உண்டு என்றும், எல்லா அறைகளிலும் ஏசி உண்டு என்றும் உறுதி கூறியது. படங்களில் மாடத்திலிருந்து கடல் தெரிந்தது.

இணையத்தளத்தின் வழியாக நாங்கள் எழுதியதும், முகவர் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். தளத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் மிச்சமாகும் என்று கூறி, நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் வாடகையைக் குறைத்து 2,400 யூரோவுக்குத் தருவதாகச் சொன்னார். கையொப்பமிட்ட ஒப்பந்தம் வந்தது. அதில் சுற்றுலா வீட்டுப் பதிவு எண்ணும் இருந்தது. வீட்டின் சரியான முகவரியைக் கேட்டபோது, முந்தைய விருந்தினர்கள் தொந்தரவுக்கு உள்ளானதால் வந்து சேரும் நாளில்தான் தருவது வழக்கம் என்று பதிலளித்தார். கேட்பதற்குப் பொறுப்பான பதில் போலத்தான் இருந்தது. இதே பதில் உங்களுக்கும் வருமானால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

நாங்கள் விமானத்திலிருந்து இறங்கிய பிறகே செய்தி வந்தது: முந்தைய இரவு அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம், அதே தரத்தில் வேறொரு வீட்டை ஏற்பாடு செய்திருக்கிறாராம். பேருந்து நிறுத்தத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். அவர் நீட்டிய சாவியில் தொங்கிய அட்டையில் ஒரு வீட்டு எண் பேனாவால் அடிக்கப்பட்டு, கீழே இன்னொன்று எழுதப்பட்டிருந்தது. அதுவும் அடிக்கப்பட்டு மூன்றாவது எண் இருந்தது. குழாய் வெடித்த கதை எங்களுக்காகப் புதிதாகப் பிறந்ததல்ல என்று அந்த அட்டையைப் பார்த்த கணத்தில் விளங்கிவிட்டது. சாவியைத் தருவதற்கு முன் 300 யூரோ வைப்புப்பணத்தை ரொக்கமாகக் கேட்டார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, அலுவலகம் அனுப்பும் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

அந்த வீடு ஏ-7 நெடுஞ்சாலைக்கு வடக்கே, சரிவில் இருந்தது. கடலுக்குப் போக நடைபாதை இல்லாத சாலையில் வெயிலில் இறங்க வேண்டும்; அம்மா முதல் நாளுக்குப் பிறகு கடற்கரைக்கு வாடகைக் காரில்தான் வந்தார், பல நாள் வரவேயில்லை. ஏசி எந்த அறையிலும் இல்லை. வரவேற்பறையில் ஒரு நின்று சுழலும் மின்விசிறி இருந்தது, அதை இரவில் அம்மாவின் கட்டிலருகே வைத்தோம். வேறு இடத்துக்கு மாறலாம் என்று விடுதி விடுதியாகக் கேட்டோம். ஆகஸ்ட் மாதம் ஸ்பானியர்களே கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வரும் காலம். 15ஆம் தேதி அங்கே தேசிய விடுமுறை வேறு. கிடைத்த ஓரிரு அறைகளும் எங்களால் தாங்க முடியாத விலையில் இருந்தன. ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்து இவ்வாறு செய்கிறவர்களுக்கு, வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லை என்பது நன்றாகவே தெரியும். முதியவர்களையும் குழந்தைகளையும் அந்த வெயிலில் தவிக்கவிட்டுப் பணம் பார்ப்பது எனக்கு மன்னிக்க முடியாத செயலாகத் தோன்றுகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நெர்ஹா அமைந்திருக்கும் அந்தலூசியாவின் மாநில அரசு 2016இல் கொண்டுவந்த ஆணையே, மே முதல் செப்டம்பர் வரை வாடகைக்கு விடப்படும் சுற்றுலா வீட்டின் அறைகளிலும் கூடத்திலும் நிலையாகப் பொருத்திய குளிரூட்டும் சாதனம் இருக்க வேண்டும் என்று விதித்தது. புகார்ப் படிவங்களை வைத்திருப்பதும், அவை உண்டு என்று அறிவிப்பு ஒட்டுவதும் கட்டாயம். ஸ்பெயினில் இவற்றை ஓஹாஸ் தெ ரெக்லமாசியோனெஸ் என்று கேட்டால் எவருக்கும் புரியும். நாங்கள் கேட்டபோது, தனியார் வீடுகளுக்கு அது பொருந்தாது என்று முகவர் எழுதினார். அது பொய். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது பின்னர் பெரிதும் உதவியது.

நகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் எங்கள் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தார். பதிவு எண்ணில் விரலை வைத்து நிறுத்தினார். மாலகா மாகாணத்து வீடாக இருந்தால் எண்ணில் எம்ஏ என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். எங்களுடையதில் ஜிஆர் என்று இருந்தது. அது கிரனாடா மாகாணத்துக்கு உரியது. நெர்ஹாவுக்குக் கிழக்கே மாகாண எல்லையைத் தாண்டி இருக்கும் ஒரு வீட்டின் எண்ணை எடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தலூசியாவின் சுற்றுலாப் பதிவேட்டை அரசின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். எண்ணை இட்டால் வீடு எந்த ஊரில் உள்ளது என்று தெரிந்துவிடும். வேறு கரைகளுக்குப் போகிறவர்களும் இதே வழியில் சரிபார்க்கலாம்: அலிகான்டே மாகாணத்துச் சுற்றுலா வீடுகளின் எண் விடி என்ற எழுத்துகளில் தொடங்கி ஏ என்று முடியும், வடகிழக்குக் கரையான கோஸ்டா பிராவாவின் ஹிரோனா மாகாணத்தில் எச்யுடிஜி என்று தொடங்கும்.

2025 ஜூலை 1 முதல், இணையத்தளங்களில் குறுகிய கால வாடகைக்கு விளம்பரமாகும் வீடுகளுக்கு நாடு முழுவதற்குமான தனிப் பதிவு எண்ணும் தேவை. நாங்கள் பணம் கட்டியது அதற்கு முன்பு என்பதால் மாநில எண் மட்டுமே எங்களிடம் இருந்தது. இனிப் பதிவு செய்கிறவர்கள் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். எண் இருப்பது மட்டும் போதாது. அது முகவரியோடு பொருந்துகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

பணத்தின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், மோசடிக்காரரின் கணக்குக்கு நாமே அனுப்பிவிட்ட பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது பிரிட்டனுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் செல்லும் பணத்துக்கு மட்டுமே. ஐபான் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண் வழியாக ஸ்பெயினுக்கு அனுப்பிய பணம் அதில் அடங்காது என்று வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் நிலைமை வேறு: 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேற்பட்டு 30,000 பவுண்ட் வரையிலான விலைக்கு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. இடைத்தரகரின் வழியாகப் பணம் போகும்போது இந்தப் பிரிவு சில வேளைகளில் பொருந்தாமல் போகலாம் என்பதால், அட்டை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் தள்ளுபடி என்று ஒருவர் சொல்வது, இந்தப் பாதுகாப்பை எல்லாம் நம் கையாலேயே கழற்றி வைக்கச் செய்யும் வேலை.

இன்னொன்றும் உண்டு. முன்பதிவின்போதே எங்கள் எல்லோருடைய கடவுச்சீட்டுப் படங்களையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். 2024 டிசம்பர் 2 முதல் தங்குமிடம் தருபவர்கள் பயணிகளின் விவரங்களைப் பதிந்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்காகக் கடவுச்சீட்டின் நகலைக் கேட்கக் கூடாது என்று ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூறியிருக்கிறது. விவரங்களை எழுதிக் கொடுங்கள், படத்தை அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் கடவுச்சீட்டுப் படங்கள் இன்னும் அந்த மனிதரிடம் இருக்கின்றன என்பதுதான், பணம் போனதைவிட எனக்குக் கூடுதல் கவலை.

ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டிவிட்டவர்கள், புறப்படும் முன்பே வீட்டின் எண்ணையும் முகவரியையும் எழுத்தில் கேளுங்கள். விளம்பரப் பக்கத்தை முழுமையாகப் படமெடுத்து வையுங்கள். எங்களுடையது புகார் கொடுத்த மறுவாரமே மறைந்துவிட்டது. வேறு வீட்டின் சாவியை நீட்டினால், உள்ளே போகும் முன் இது ஒப்பந்தத்தில் உள்ள வீடு அல்ல என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிப் பதிலை வாங்குங்கள். புகார்ப் படிவம் தர மறுத்தால் உள்ளூர்க் காவலரை அழைக்கலாம். நகராட்சி நுகர்வோர் அலுவலகம் பெரும்பாலும் காலையில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால், முடிந்தவரை ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலை நாளின் காலையை அதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.