கோடு போட்டால் மூச்சு வாங்கும்

எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அண்ணா, வரையறதுக்கு ஒரு சிஸ்டம் போடணும். உங்க கான்ஃபிக்கையே, அதான் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற அதே பாகங்களையே, அப்படியே போட்டுடவா?" 'போடு' என்று டைப் செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். பிராசஸரில் குறையில்லை, ரேமில் குறையில்லை, மானிட்டர் தங்கம். ஃபேன் சத்தம்தான். அதை நாலு வரியில் சொல்லி முடிக்க முடியாது.

2023 கடைசியில் சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவில் போட்ட பெட்டி இது. எட்டு கோர் பிராசஸர், 64 ஜிபி டிடிஆர்5 ரேம், நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, 27 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், திரையில்லாத பென் டேப்லெட். வேலை பெரும்பாலும் புத்தக அட்டைகளும் குழந்தைகள் கதைகளுக்கான படங்களும். வரைவது கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில். அச்சகம் கேட்டால் மட்டும் ஃபோட்டோஷாப்.

சரி, ஃபேனுக்கு வருகிறேன். டேப்லெட்டில் பேனாவை வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்தால் கேபினட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று ஏறும். பேனாவை எடுத்தால் இறங்கும். அடுத்த கோட்டுக்கு மறுபடி 'உஸ்ஸ்'. மை பிரஷ்ஷில் சின்னக் கோடாகப் போட்டால் அவ்வளவு தெரியாது. ஆனால் வானத்துக்கோ தண்ணீருக்கோ 800 பிக்சல் அகலத்தில், நிறத்தைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் பிரஷ்ஷை இழுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். ராத்திரி பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா ஒருநாள் எழுந்து வந்து, "ஏண்டா, இழுப்புக்காரன் மாதிரி என்னது அது?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அது வெறும் சத்தம். அப்புறம் வேறு எதுவுமே காதில் விழவில்லை.

காரணம் எளிது. பிரஷ் கோடு என்பது பெரும்பாலும் பிராசஸரின் எட்டு கோர்களில், அதாவது எட்டு மூளைகளில், ஒன்றிரண்டின் வேலை. பேனா பட்ட உடனே பிராசஸர் அந்தக் கோரை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அளவுக்குத் தூக்கிவிடும். நகக்கண் அளவு இடத்தில் மொத்தச் சூடும் கிளம்புவதால், 45 டிகிரியில் இருந்தது ஒரு விநாடியில் 70-ஐத் தாண்டும். பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் கூலரின் உலோகம் இன்னும் சூடாகியிருக்காது. ஆனால் மதர்போர்டு பார்ப்பது சென்சார் காட்டும் எண்ணை மட்டும்தான், உடனே ஃபேனை முடுக்கும். ஃபேன் வேகம் பிடிப்பதற்குள் கோடு முடிந்திருக்கும். அதாவது இவ்வளவு இரைச்சலும் யாருக்கும் பயனில்லாத இரைச்சல்.

பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பதை நம்பிச் சின்னக் கூலர் போதும் என்று நினைக்கக் கூடாது. ரைசன் 7 7700-இல் அந்த 65 என்பது 88 வாட் வரை போகலாம். இன்டெல் ஐ7 13700-இல் அதே 65 வாட் அடிப்படைக்கு, முழு வேகம் பிடிக்கும்போதான உச்சம் (டர்போ) 219 வாட். இன்டெல் இதைத் தன் தளத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறது. கடையில்தான் சொல்ல மாட்டார்கள்.

எனக்குக் கோபம் ரிவ்யூக்காரர்கள் மேல். எல்லாரும் கேம் ஓட்டியோ ரெண்டர் போட்டோதான் சத்தத்தை அளக்கிறார்கள். அதில் சூடு ஒரே மட்டத்தில் நிற்கும், ஃபேனும் ஒரே சுருதியில் ஓடும், காது பத்து நிமிஷத்தில் பழகிவிடும். ஏறி ஏறி இறங்குவதற்குக் காது பழகாது. படம் வரைந்து பார்த்து ஒரு கூலரைச் சோதித்த ரிவ்யூவை நான் இதுவரை பார்க்கவில்லை.

சர்வீஸுக்கு வந்த பையன், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பசையைச் சொல்லி, "பேஸ்ட் காஞ்சிருக்கும் சார், மாத்திடலாம்" என்றான். மாற்றினான், காசு வாங்கினான், போனான். அன்று ராத்திரியே 'உஸ்ஸ்'. புது பேஸ்ட் போட்டால் நீண்ட நேர வேலையில் நாலைந்து டிகிரி குறையலாம், இந்தத் திடீர்த் தாவலுக்கு அது மருந்தில்லை. மருந்து மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இருந்தது. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லும் ஃபேன் வளைவை 70 டிகிரி வரை தட்டையாக வைத்தேன். வேகம் கூடுவதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்கு என் போர்டில் தனியாக ஒரு அமைப்பு உண்டு, அதை முடிந்த மட்டும் ஏற்றினேன். முக்கால்வாசிச் சத்தம் அங்கேயே போய்விட்டது. பிராசஸரோடு இலவசமாக வந்த கூலரைக் கழற்றிவிட்டு 120 மிமீ ஃபேன் வைத்த டவர் கூலர் மாட்டியதும் மிச்சமும் போனது. கூலரின் விலை, மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாத தொகை.

நிம்மதியாக இருந்தேன், ஏப்ரல் வரும் வரை. இப்போது கிராபிக்ஸ் கார்டின் முறை. சும்மா இருக்கும்போது அதன் ஃபேன் நின்றுவிடும், 'ஜீரோ ஆர்பிஎம்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். குளிரான ஊரில் நல்ல விஷயம்தான். நம் சென்னையில் மதியம் அறைச் சூடு 35-ஐத் தொடும்போது அந்தக் கார்டு சும்மா இருந்தே ஃபேன் கிளம்பும் சூட்டுக்கு வந்து நிற்கிறது. கேன்வாஸைக் கொஞ்சம் திருப்பினால், ஜூம் செய்தால், டர்ர் என்று கிளம்பும். அரை நிமிஷத்தில் நிற்கும். மறுபடி கிளம்பும். அந்த வசதியையே அணைத்து, ஃபேன் எப்போதும் மெதுவாகச் சுற்றட்டும் என்று விட்டிருக்கிறேன். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் அது ஓடாது. மறுபடி டர்ர்.

இவ்வளவு திட்டிவிட்டேன், நல்லதையும் சொல்ல வேண்டும். ரேம். ஏ3 தாள் 300 டிபிஐயில் 3508-க்கு 4961, அதாவது சுமார் 1.74 கோடி பிக்சல். முழுக்க நிரம்பிய ஒரு லேயர் 8 பிட்டில் 70 எம்பி. வானத்தில் நிறம் மாறும் இடங்களில் பட்டை பட்டையாக விழாமலிருக்க நான் 16 பிட்டில் வரைகிறேன், அப்போது 140. அறுபது லேயர் என்றால் 8 ஜிபியைத் தாண்டும், அன்டூவுக்கு எடுத்துக்கொள்வது தனி. கிரிட்டா வழக்கமாக மொத்த ரேமில் பாதிக்கு மேல் தொடாது, அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். என் பழைய 16 ஜிபி பெட்டி எங்கே முட்டிக்கொண்டது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். இங்கே ஒருநாளும் முட்டவில்லை. ஜனவரி புத்தகக் கண்காட்சிக்காக டிசம்பரில் அட்டைகள் குவியும்போது, நாலு ஃபைலைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவேன். ஒரு நொடி திணறாது.

ஆனால் இந்த நல்ல விஷயத்தைத்தான் இப்போது சிபாரிசு செய்ய முடியவில்லை. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருக்க, ரேம் விலை நான் வாங்கியதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான் தன் க்ரூசியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஜூனியரிடம் சொன்னது இதுதான்: ஒரே ஒரு 32 ஜிபி ஸ்டிக் போடு, விலை இறங்கினால் அதே மாடலில் இன்னொன்று. நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலு சின்ன ஸ்டிக்கால் நிரப்பாதே. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 என்று இருக்கும் அதிகாரபூர்வ வேகம் நாலு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும்.

கிராபிக்ஸ் கார்டு பற்றி அவள் நிறையக் கேட்டாள். கடையில் என்னிடமும், "அண்ணா, டிசைனிங்னா பெரிய கார்டு இல்லாம முடியாது" என்று அரை மணி நேரம் பேசினார்கள். கேன்வாஸைத் திருப்பவும், ஜூம் வழுக்கிக்கொண்டு போகவும், சில ஃபில்டர்களுக்கும் கார்டு வேண்டும்தான். அதற்குச் சின்னதே போதும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போடுகிறவர்கள் கதை வேறு, அவர்கள் கார்டுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். 2டி மட்டும் வரைகிறவர்கள் அந்தக் காசை மானிட்டரில் போடுங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்பை முழுசாகக் காட்டும் ஐபிஎஸ் பேனல், ஃபேக்டரியில் நிறம் சரிசெய்யப்பட்டது, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), எஸ்எஸ்டி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இருப்பதே தெரியாமல் இருக்கின்றன. யூபிஎஸ் கட்டாயம்.

இதே கான்ஃபிக்கைப் போடலாமா என்றால், இன்றைக்கு என் பதில் 'வேண்டாம்'. பழைய லேப்டாப் ஓடுகிற வரை ஓட்டு என்று சொல்லிவிட்டேன். மார்க்? பத்துக்கு ஐந்து. இதை எழுதும்போது மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, அதையும் மீறி அந்த டர்ர் கேட்கிறது. மார்கழியில் கேட்டிருந்தால் ஒன்பது கொடுத்திருப்பேன்.