எரிமலையா, மஞ்சள் தாளா, முட்டையா? வீட்டுச் சமையலறைச் சோதனைகள்: ஓர் ஒப்பீடு

ஜூன் இறுதியில் குளிர்கால விடுமுறை தொடங்கிவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை இரண்டு பிள்ளைகளின் கைக்குப் போய்விடுகிறது. என் தங்கையின் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. அவர்களோடு பலமுறை செய்து பார்த்தவற்றுள் சோடா எரிமலை, மஞ்சள் தாள், வினிகரில் ஊறும் முட்டை ஆகிய மூன்றையும் இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். பொருள் வீட்டிலேயே கிடைக்கிறதா, மேசையைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றையும் கணக்கில் கொண்டேன். என்றாலும் என் முதன்மையான அளவுகோல் வேறு: ஒருமுறை செய்து முடித்த பிள்ளை, "இதற்குப் பதில் அதைப் போட்டால் என்ன ஆகும், பெரியம்மா?" என்று கேட்டு, தானே ஒன்றை மாற்றி மறுபடி செய்து பார்க்க முடிகிறதா என்பதே அது.

பிள்ளைகள் முதலில் கேட்பது எரிமலையைத்தான். சமையல் சோடாவின் மேல் வினிகரை ஊற்றியதும் கரியமில வாயு நுரைத்துப் பொங்குகிறது. பத்து நொடியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. உடனே இருவரும் "மறுபடி" என்று கத்துவார்கள். அந்த "மறுபடி" வேடிக்கைக்கானதே தவிர, ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கானது அன்று. களிமண்ணில் மலை செய்வதற்கு ஒரு மணி நேரமும் மேசையைத் துடைப்பதற்கு அரை மணி நேரமும் செலவழித்த பிறகு கையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

அதே இரண்டு பொருள்களைப் புட்டிக்கும் பலூனுக்கும் மாற்றினால் நிலைமை வேறாகிறது. 5 கிராம் சோடாவைப் பலூனுக்குள் போட்டு, 5 சதவீத வினிகர் 70 மில்லி லிட்டர் உள்ள புட்டியின் வாயில் பலூனை மாட்டி, பிறகு நிமிர்த்திச் சோடாவை உள்ளே கொட்ட வேண்டும். கணக்குப்படி ஏறத்தாழ 1.4 லிட்டர் வாயு வரவேண்டும். அதாவது பலூன் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு உப்பவேண்டும். வாயுவில் ஒரு பகுதி வினிகரிலேயே கரைந்து நிற்பதால் நமக்குக் கிடைப்பது சற்றுக் குறைவாகவே இருக்கும். சுவையான இடம் இதற்கு அடுத்தது: வினிகரைக் கூட்டாமல் சோடாவை மட்டும் இரண்டு மடங்காக்கினால் பலூன் இரண்டு மடங்காவதில்லை, மிச்சச் சோடா அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. சின்னவன் அதைச் சுரண்டி எடுத்து, புதிய வினிகரில் போட்டு, "இன்னும் உயிரோடு இருக்கிறது" என்றான். மூடியை இறுக்கித் திருகிய புட்டியில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் புட்டி வெடித்துவிடும்.

மஞ்சள் தாளுக்குத்தான் என் ஓட்டு. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, மேலே தெளிந்து நிற்கும் ஸ்பிரிட்டில் வெள்ளை வடிதாளைத் தோய்த்து உலர்த்தி, விரலகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றக்கூடியது என்பதால் கலக்குவதைப் பெரியவர்கள் அடுப்பில்லாத அறையில் செய்துவிடுவது நல்லது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. வெறும் தண்ணீரில் செய்த தாள் மங்கலாகவே இருக்கும். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ள எதையும் தொட்டவுடன் இந்தத் தாள் செம்பழுப்பாகிறது, எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மீண்டும் மஞ்சளுக்குத் திரும்புகிறது. திருமணத்திலும் காவடி நாளிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்த ஆரத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்குகிறது.

சென்ற விடுமுறையில் பெரியவள் தட்டில் ஆறு துண்டுகளை வரிசையாக வைத்தாள்: துணி துவைக்கும் கட்டிச் சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பூ, சோடா கரைசல், எலுமிச்சை, வினிகர். கட்டிச் சோப்பு பட்ட துண்டு நொடியில் சிவந்தது. பாத்திரத் திரவம் பட்ட துண்டு மஞ்சளாகவே நின்றது. இரண்டும் அழுக்குப் போக்குபவைதானே, ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டாள். கட்டிச் சோப்பு இயல்பிலேயே காரம், கைக்கு உறுத்தாதபடி நடுநிலைக்கு அருகில் தயாரிக்கப்படுவது அந்தத் திரவம் என்ற பதிலை, நான் சொல்வதற்கு முன்பே பாதி ஊகித்துவிட்டாள். (அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன், எங்கள் ஊர் நிலை அது.)

இந்தத் தாளுக்கு ஒரு குறையும் உண்டு. எலுமிச்சையையும் தண்ணீரையும் இதனால் பிரித்தறிய முடியாது, இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அந்த வேலைக்கு வேலியோரச் செம்பருத்தி இருக்கிறது: இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பு எடுப்பாகிறது, சோடா பட்டால் பச்சையாகிறது. சட்டையில் பட்ட மஞ்சள் கறையைப் பற்றியும் கவலை வேண்டாம். சோப்பில் சிவந்தாலும், துவைத்து வெயிலில் உலர்த்தினால் நாளடைவில் வெளுத்துவிடும்.

முட்டைச் சோதனை பொறுமை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டை வினிகர் இரண்டு நாளில் கரைத்துவிட, சவ்வு மட்டும் மூடிய மெத்தென்ற முட்டை மிஞ்சுகிறது. அதைச் சர்க்கரைப் பாகில் இட்டால் தண்ணீரை இழந்து சுருங்குகிறது, வெறும் தண்ணீரில் இட்டால் மறுபடி பருக்கிறது; நூலைச் சுற்றி அளந்து ஒவ்வொரு நாளும் குறித்துக்கொள்ளலாம். பச்சை முட்டை என்பதால் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவியே தீரவேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு: வசந்தகால விடுமுறை புரட்டாசியில் வருகிறது, அந்த மாதம் முட்டை வாசற்படியைத் தாண்டாது. அப்போது உருளைக்கிழங்குக் கீற்றுகளைக் கொண்டு சமாளிக்கிறோம். உப்பு நீரில் கிடந்தது துவண்டுபோகிறது, வெறும் நீரில் கிடந்தது விறைத்து நிற்கிறது. முட்டையின் கவர்ச்சி இதில் இல்லை, ஆனால் பாடம் அதேதான், காத்திருப்பதும் ஓரிரு மணி நேரம் மட்டுமே.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்தை இழுக்கும் சோதனையை டர்பன் கோடையில் நம்ப வேண்டாம். கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் மின்னூட்டம் கசிந்துபோய்விடும். ஜொகானஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் அது அழகாக நடக்கும். பெட்டியில் விற்கும் ஆயத்தச் சோதனைப் பொருள்கள் பெரும்பாலும் மேலே சொன்னவற்றையே வண்ண அட்டையில் வைத்துத் தருகின்றன.

ஜொகானஸ்பர்க்கில் உறவினர் இருப்போருக்கு நான்காவது வழி ஒன்றும் உண்டு. அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கே 94 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கிறது, இங்கே 100-ஐ ஒட்டி. அந்நகரின் லெனேசியாவில் உள்ள அண்ணன் மகனும் எங்கள் பெரியவளும், பெரியவர்கள் அடுப்பருகே நிற்க, ஒரே நேரத்தில் பானையில் வெப்பமானியை வைத்துப் பார்த்துத் தொலைபேசியில் எண்ணைச் சொல்லிக்கொண்டார்கள். அவனுடைய வெப்பமானி கெட்டுவிட்டது என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் இவளே ஒரு வழி கண்டாள்: இரண்டு வீட்டிலும் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பது. இரண்டும் 0 காட்டின.