நாட்கூலியா, கொந்தராத்தா: வன்னியில் ஒரு கிடங்குக்கு என்ன விலை?

போன மாரி தொடங்க முன்னம், மாங்குளத்துப் பக்கம் ஒரு ஏக்கரில் தென்னை வைக்கக் கிடங்கு வெட்ட வேண்டியிருந்தது. 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 கன்று. கிடங்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. இரண்டு பேர் வந்தார்கள். "நாளுக்குத் தாறியளா, கிடங்குக்குத் தாறியளா?" என்று மூத்தவர் கேட்டார். முதலாவது நாட்கூலி, இரண்டாவதுபோல வேலையின் அளவுக்கு விலை பேசுவதுதான் கொந்தராத்து. முள்ளியவளையில் ஒரு சொந்தக்காரர் கிடங்குக்கு 600 ரூபாய் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதையே சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாளும் காணியின் மேற்பக்கம். பொலபொல மண். ஆளுக்கு ஐந்து கிடங்கு, நாளுக்கு 3,000 ரூபாய் கையில். அந்த நேரம் எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஆளுக்கு நான் கொடுத்து வந்த நாட்கூலி 2,500. இரண்டு பக்கத்துக்கும் திருப்தி. மூன்றாம் நாள் கீழ்ப்பக்கம் போனார்கள். ஓரடி தோண்டினதும் கிறவல். மண்வெட்டி ஏறவில்லை, அலவாங்குதான். பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தால் ஆளுக்கு இரண்டே கிடங்கு. "அண்ணை, பேசினது பேசினதுதான். ஆனா இது கட்டாது" என்றார் மூத்தவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடக் குத்தியது.

இரண்டு கிடங்குக்கு 1,200 ரூபாய். 2026 ஜனவரியில் இருந்து நாட்டின் சட்டக் குறைந்தபட்ச நாட்சம்பளமும் அதே 1,200தான். 2016இல் சட்டம் வந்தபோது 400 ஆக இருந்தது, 2024இல் 700 ஆகி, 2025 ஏப்ரலில் 1,080 ஆகி, இங்கே வந்து நிற்கிறது. அதற்குக் கீழே போகக்கூடாது என்பதற்கான கோடு அது. அலவாங்கு பிடித்துக் கிறவல் உடைக்கிறவருக்கு அதைக் கொடுத்துவிட்டு நியாயமான கூலி கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாட்கூலியா கொந்தராத்தா என்ற கேள்வியை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வேகத்தை வைத்துத்தான் பேசுவோம். நாளுக்கு விட்டால் மினக்கெடுவார்கள், கொந்தராத்துக்கு விட்டால் ஓடி ஓடிச் செய்வார்கள் என்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாளுக்கு விட்டால் பக்கத்தில் நிற்க வேண்டும், நிற்க நேரமில்லாதவனுக்கு அது கஷ்டம். கொந்தராத்துக்கு விட்டால் கிடங்கு இரண்டரை அடியில் நிற்கும், வேலிக் கம்பி தொய்யும், களையின் வேர் உள்ளேயே கிடக்கும். ஆனால் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறொன்று: எதிர்பாராமல் வேலை இறுகினால் அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது? நாட்கூலியில் காணிக்காரன் தலையில். கொந்தராத்தில் வேலை செய்கிறவர் தலையில். காணி என்னுடையது. அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

அதனால் அளவு கண்ணுக்கு முன்னால் தெரிகிற வேலைக்கு கொந்தராத்து நல்லது. இவ்வளவு முழம் வேலி, இத்தனை சீமெந்துத் தூண் நடுவது, உழுந்து பிடுங்குவது. இரண்டு பேரும் ஒரே காணியை நடந்து பார்த்துவிட்டு விலை பேசலாம். பற்றை வெட்டித் துப்புரவாக்குவது, பழைய கிணறு இறைத்துச் சேறு அள்ளுவது, புதுக் காணியில் கிடங்கு வெட்டுவது எல்லாம் நாட்கூலி வேலை. ஈச்சம் பற்றைக்குள் என்ன கட்டை இருக்கிறது, என்ன கல் இருக்கிறது என்று வெட்டித்தான் பார்க்க வேண்டும். நம்முடைய மண்ணில் இன்னொன்றும் இருக்கலாம்: போர்க்காலத்து வெடிபொருள். பற்றைக்குள் சந்தேகமான இரும்பைக் கண்டால் வேலையை அப்படியே நிறுத்த வேண்டும். கொந்தராத்துக்காரருக்கு நிறுத்தினால் நட்டம், நாட்கூலிக்காரருக்கு இல்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கிடங்கு விலை பேசுகிறவர்கள் கணக்கில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 2 அடிக் கிடங்கில் வருகிற மண் 8 கன அடி. 3 அடிக் கிடங்கில் 27. ஆழம் ஒன்றரை மடங்கு, வேலை மூன்று மடங்குக்கும் மேல். "அங்கே 2 அடிக்கு 300, இங்கே 3 அடிக்கு 450 தாறன்" என்று சொல்வது காதுக்கு நியாயமாகக் கேட்கும். தோண்டுகிறவரின் முதுகுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பொம்பிளையளின் கூலியில் கொந்தராத்துக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. வன்னியில் களை பிடுங்கவும் வெங்காயம் நடவும் அநேகமாக அவர்கள்தான் வருகிறார்கள். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பம் நடத்துகிற அம்மாமாரும் அக்காமாரும் அதில் நிறையப் பேர். ஒரே வரம்பில் ஒரே நேரம் நின்றாலும் நாட்கூலி என்றால் அவர்களுக்குக் குறைவு. "வழமை" என்பதைத் தவிர வேறு காரணம் யாரும் சொல்வதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இலேயே ஏற்றுவிட்டது. கச்சான் ஆயும்போது கடகத்துக்கு இவ்வளவு என்று பேசினால் அந்த வழமைக்கு அங்கே இடமே இல்லை, கடகம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, நாட்கூலியிலும் இரண்டு விலை வைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆட்களைக் கூட்டிவருகிற ஒருவரிடம் மொத்தக் காசையும் கொடுக்கிற முறையும் உண்டு. வசதிதான், ஆனால் கடைசி ஆளின் கைக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. அவருடைய பங்கைத் தனியாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையில் கொடுப்பது நல்லது. நெல்லாகக் கொடுப்பது வெட்டு மெசின் வந்ததோடு குறைந்துவிட்டது. ஆனாலும் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறி நின்ற நேரம், கூலியாக வாங்கி வைத்த ஒரு புசல் நெல் ஒரு வீட்டில் என்ன செய்தது என்று கண்டவர்களுக்குத் தெரியும். கேட்கிறவருக்கு நெல்லாகக் கொடுக்கலாம். விலை இறங்கிய நேரம் காசுக்குப் பதிலாகத் தள்ளிவிடக்கூடாது.

நாட்கூலி என்று முடிவெடுத்தாலும் பேச வேண்டியவை மிச்சம் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாடு கூலிக்குள்ளா, வெளியிலா? பத்து மணித் தேத்தண்ணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒட்டுசுட்டான் பக்கம் யானைக்குப் பயந்து விடிந்த பிறகுதான் வீட்டை விட்டு வெளிக்கிடுவார்கள், பிந்தி வந்ததற்குக் கூலி வெட்டுவது சரியில்லை. பதினொரு மணிக்கு மழை கொட்டி வேலை நின்றால் அரைநாள் கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். அவர் அந்த நாளை உங்களுக்கென்று ஒதுக்கி வந்தவர்.

இப்போது நான் செய்கிறது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முதல் நாள் முழுக்க நாட்கூலி. பின்னேரம் எத்தனை கிடங்கு முடிந்தது என்று சேர்ந்து எண்ணுவோம். நாட்கூலியை அந்த எண்ணிக்கையால் பிரித்தால் கிடங்கின் விலை வரும். பிறகு கொந்தராத்தாகத் தொடரலாம். மண் மாறினால் திரும்பவும் ஒரு நாள் எண்ணுவோம்.

மாங்குளத்துக் காணியிலும் கடைசியில் அதைத்தான் செய்தோம். கிறவலில் நாளுக்கு இரண்டு, 2,500ஐ இரண்டால் பிரித்தால் 1,250. மேற்பக்கத்து 20 கிடங்குக்கு 600படி 12,000. கீழ்ப்பக்கத்து 44 கிடங்குக்கு, மூன்றாம் நாள் வெட்டின நாலையும் சேர்த்து, 55,000. முதலில் பேசின விலைப்படி எல்லாமாக 38,400 வந்திருக்கும். 67,000 கொடுத்தேன். மூத்தவர் காசை இரண்டு தரம் எண்ணிவிட்டு, கன்று வைக்கிற நாளைக்கும் தங்களையே கூப்பிடச் சொன்னார்.