வாட்ஸா, பட்டன்வில்லோவா?

2006 ஜூன் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், பல குடும்பங்கள் சேர்ந்து பயிர் செய்துவந்த சவுத் சென்ட்ரல் தோட்டத்தை போலீஸை வைத்துக் காலி செய்தார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்து போராடியும் பலனில்லை. 14 ஏக்கர், சுமார் 350 குடும்பங்கள், பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். சப்பாத்திக்கள்ளி, சௌசௌ, கொய்யா என்று ஊர் ஞாபகத்தையே நட்டு வைத்திருந்தார்கள். அப்புறம் அவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். இரண்டில் எந்த வழி நல்லது?

சிலர் போனது அதே நகரத்தின் வாட்ஸ் பகுதிக்கு. உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் நிலம், பார்க்க அழகில்லைதான், தலைக்கு மேல் கம்பி போவதால் மரத்தை இஷ்டத்துக்கு வளரவிடவும் முடியாது. ஆனால் வேலை முடிந்து சாயங்காலம் ஒரு நடை போய்க் கீரை பறித்து வரலாம், பாட்டியும் பேரனும் கூட வரலாம், பக்கத்துப் பாத்திக்காரரிடம் விதை கேட்கலாம்.

இன்னொரு பிரிவினர் நகரத்தை விட்டு வடக்கே பட்டன்வில்லோ என்ற ஊர்ப் பக்கம் போய் சுமார் 80 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை வைத்து, இயற்கை முறையில் விளைவித்து, காய்கறியை நகரச் சந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். இடத்துக்குப் பஞ்சமில்லை, கையில் காசும் வரும். சரி, ஆனால் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தினமும் யார் போய் வருவது? அது பண்ணை, தோட்டம் இல்லை.

என்னைக் கேட்டால் வாட்ஸ்தான், கம்பி இருந்தாலும். விவசாயத்தையே பிழைப்பாக்க நினைத்தவர்களுக்குப் பட்டன்வில்லோ.